நகலும் திருகாணியும்: பழவேற்காட்டிலிருந்து ஒரு துப்பாக்கி வரலாறு

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பொதுவாக மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்: ஏரி, பூநாரைகள், டச்சுக் கல்லறைகள். நான் போயிருந்தபோது நான்காவதாக ஒன்றும் கண்ணில் பட்டது. கோட்டைக்குப்பத்துப் பக்கம் கரையில் இழுத்து விடப்பட்டிருந்த ஒரு ஃபைபர் படகின் எஞ்சினைப் பிரித்து, கோணிச்சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார்கள். இளைஞர் ஒருவர் டீசலில் ஒவ்வொரு பாகமாகக் கழுவி எடுத்துக்கொண்டிருந்தார். படகுக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார். "இது ஒரிஜினலா?" என்று கேட்டேன்.

"ஒரிஜினலுக்கு எங்கண்ணா போறது? சைனா எஞ்சின். பார்த்தா அதே மாதிரிதான் இருக்கும். உள்ள மாட்டுற சாமான் நல்லதா இருந்தா ஓடும்" என்றார் இளைஞர்.

படகுக்காரர் திரும்பாமலே சொன்னார்: "கரையில நின்னுபோனா பரவாயில்ல. முகத்துவாரத்துல நிக்கக் கூடாது."

ஏரி கடலோடு கலக்கும் இடம் முகத்துவாரம். மணல் திட்டும் அலையும் நீரோட்டமும் ஒன்றோடொன்று மோதும் அந்த இடத்தில் எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. வேறெங்கோ வடிவமைக்கப்பட்ட ஓர் இயந்திரம், அதன் நகல், அந்த நகலை நம்பத்தக்கதாக்கும் உதிரிப்பாகம், நம்பிக் கடலுக்குப் போகும் மனிதன். இந்த நான்கும் அந்தச் சாக்கின் அருகே இருந்தன. சற்றுத் தொலைவில், முட்புதர் மண்டிக் கிடந்த கோட்டை மேட்டில் நின்றபோது இதே நான்கும் வேறொரு கருவியின் வரலாற்றிலும் உண்டு என்று தோன்றியது. அந்தக் கருவி துப்பாக்கி.

*

பழவேற்காட்டின் டச்சு வரலாறு பலமுறை எழுதப்பட்டதுதான். நமக்குத் தேவையானதை மட்டும் இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடனின் அனுமதியோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. சாந்தோமில் வேரூன்றியிருந்த போர்ச்சுகீசியர் 1612-ல் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்துவிட்டது. இயக்குநர் வெம்மர் வான் பெர்ச்செம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் கெல்ட்ரியா என்று பெயரிட்டார். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் இதுவே. அந்தக் கோட்டையின் பெயர்தான் இன்று கோட்டைக்குப்பம் என்ற மீனவக் கிராமத்தின் பெயரில் மிஞ்சியிருக்கிறது.

டச்சுக்காரர் வந்தது துணிக்காக. சோழமண்டலத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்கிந்தியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க முடிந்தது. துணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் பேசாத ஒன்றும் இங்கே நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கம்பெனி பழவேற்காட்டில் ஒரு வெடிமருந்துத் தொழிற்கூடத்தை நடத்தியது. பல பத்தாண்டுகள் ஆசியாவிலிருந்த டச்சு நிலையங்களுக்கும் தாயகம் திரும்பிய கப்பல்களுக்கும் இங்கிருந்து மருந்து போயிற்று.

ஏன் இங்கே என்ற கேள்விக்கான விடை எளிது. ஹாலந்திலிருந்து புறப்பட்ட கப்பல் ஆசியா வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வழியெல்லாம் ஈரம். வெடிமருந்தின் முதல் எதிரி ஈரம்தான். மேலும் அதன் முதன்மைப் பொருளான வெடியுப்பு ஐரோப்பாவில் அரிது. இந்தியாவிலோ மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி எடுக்குமளவுக்கு இயற்கையாகவே கிடைத்தது. ஆகவே துப்பாக்கியின் இரும்பும் மரமும் ஐரோப்பாவிலிருந்து வர, அதன் உயிர் பழவேற்காட்டில் தயாரானது.

வெடிமருந்தைத் துப்பாக்கியின் பாகமாக நாம் எண்ணுவதில்லை. ஆனால் அதுவே மிக அதிகமாக மாற்றப்படும் உதிரிப்பாகம். ஒவ்வொரு முறை சுடும்போதும் தீர்ந்துபோய், ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்கப்படுவது. எவ்வளவு நேர்த்தியான குழலும் நமத்துப்போன மருந்தோடு வெறும் இரும்புத் தடி. அந்தக் காலத்துத் திரித்துப்பாக்கியில் மருந்து மட்டுமல்ல, பற்றவைக்கும் திரியும் அணையாமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பழவேற்காட்டில் பெய்யும் மழையைப் பார்த்தவர்களுக்கு, நம்பகம் என்ற சொல் கோட்டைக் காவலர்களுக்கு என்ன பொருளைத் தந்திருக்கும் என்று புரியும்.

*

துப்பாக்கியை நாம் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சொல்லும் நம்முடையதல்ல. துருக்கிய மொழியில் பிறந்து, பல மொழிகளின் வழியே நம்மிடம் வந்து, தமிழின் ஒலிக்குத் தக்கபடி உருமாறிக்கொண்டது. சொல்லைப் போலவே கருவியும் நகல்களின் வழியாகத்தான் ஆசியா முழுவதும் பரவியது.

1510-ல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க், அங்கிருந்த கொல்லர்களின் கைத்திறனைக் கண்டு வியந்தார். அவர்கள் செய்யும் துப்பாக்கிகள் ஜெர்மானியத் துப்பாக்கிகளுக்குக் குறைந்தவை அல்ல என்ற பொருளில் 1513-ல் தம் மன்னருக்கு எழுதினார். ஐரோப்பியத் தொழில்நுட்பமும் இந்தியக் கொல்லரின் அனுபவமும் சேர்ந்த அந்த வகைத் துப்பாக்கி கிழக்கு நோக்கிப் பயணம் செய்தது. ஜப்பானியத் துப்பாக்கியின் விசையமைப்பு கோவா, மலாக்கா வழிவந்தது என்பது ஆயுத வரலாற்றாளர் பலரின் கருத்து.

ஜப்பானுக்கு அது போய்ச் சேர்ந்த கதை, நகலெடுத்தலின் வரலாற்றில் மிக முக்கியமானது. 1543-ல் புயலில் ஒதுங்கிய ஒரு கப்பல் தனேகஷிமா என்ற தீவுக்கு வந்தது. அதில் இருந்த போர்ச்சுகீசியர்களிடமிருந்து தீவின் இளம் தலைவர் தொகிதகா இரண்டு துப்பாக்கிகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினார். அதே போல் செய்யும்படி தம் கொல்லரிடம் ஒப்படைத்தார். வாள் செய்வதில் உலகத்தில் தமக்கு நிகர் இல்லை என்று சொல்லத்தக்க மரபைச் சேர்ந்த கொல்லர். குழலை அடித்தார், விசையைச் செய்தார், மரத்தைச் செதுக்கினார். வெளித்தோற்றத்தில் குறையே இல்லை. ஒரே ஒரு இடத்தில் திகைத்து நின்றார். குழலின் பின்முனையை மூடுவது எப்படி?

இங்கே சற்று விளக்க வேண்டும். கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கசடு படியும். அதைத் துடைத்தெடுக்கக் குழலின் பின்முனையைத் திறக்க முடிய வேண்டும். சுடும்போதோ அது வெடித்துப் பின்னால் பறக்காதபடி இறுக மூடியிருக்க வேண்டும். திறக்கவும் வேண்டும், திறந்துவிடவும் கூடாது. அந்த முரணுக்கு விடை மரை வெட்டிய ஒரு திருகாணி. அன்றைய ஜப்பானியக் கொல்லர் மரபில் திருகு என்ற கருத்தே இல்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வந்த கப்பலில் இருந்த ஓர் அயல்நாட்டுக் கொல்லரிடம் அதைக் கற்றுக்கொண்ட பிறகே வேலை முடிந்தது என்று, 1606-ல் எழுதப்பட்ட 'தெப்போகி' என்னும் ஜப்பானிய நூல் கூறுகிறது. தன் மகளை அந்த அந்நியனுக்கு மணமுடித்துக் கொடுத்து அந்த ரகசியத்தைப் பெற்றார் கொல்லர் என்று தீவில் ஒரு கதையும் வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, ஒரு திருகாணிக்கு மக்கள் கொடுத்த மதிப்பை அது சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், 1575-ல் நாகஷினோ போரில், அந்த நகல்கள் ஜப்பானின் போர்முறையையே மாற்றிவிட்டன.

*

திருகாணி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது துப்பாக்கி அல்ல, தோடு. நம் வீடுகளில் ஒரு காட்சி உண்டு. குளிக்கும்போது திருகாணி விழுந்துவிடும். வீடே குனிந்து தேடும். கிடைக்காவிட்டால் வேறொரு தோட்டின் திருகாணியை எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். சேராது. சேர்ந்தாலும் இரண்டு சுற்றில் நின்றுவிடும். ஒரே ஆசாரி, ஒரே நாளில், ஒரே தங்கத்தில் செய்த ஜோடியிலேயே இடது தோட்டின் திருகாணி வலது தோட்டுக்குப் பொருந்தாது. கையால் வெட்டிய மரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தனி உலகம்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை உலகத்துத் துப்பாக்கிகள் எல்லாமே இப்படிப்பட்ட தோடுகள்தான். இரண்டு துப்பாக்கிகளின் விசைகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. ஒரு பாகம் உடைந்தால், கொல்லர் அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கென்றே அராவி ராவி இன்னொன்று செய்ய வேண்டும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், நம் நாட்டில் நெடுநாள் புதிராகத் தோன்றிய ஒன்று விளங்குகிறது. ஐரோப்பியர் சக்கிமுக்கிக் கல்லில் பொறி எழுப்பும் துப்பாக்கிக்கு மாறிய பிறகும் இந்தியாவில் திரித்துப்பாக்கி 19-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. இதைப் பழமைப் பிடிப்பு என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் திரித்துப்பாக்கியின் எந்தப் பாகம் பழுதானாலும் கிராமத்துக் கொல்லன் தன் உலையில் சரி செய்துவிடுவான். சக்கிமுக்கித் துப்பாக்கியோ சரியான பதத்தில் துவைத்த எஃகு வில்லையும், நல்ல கல்லையும் கேட்கும். வில் தளர்ந்தால் அந்த உயர்ந்த கருவி ஊமை. மேலான வடிவமா, கைக்கெட்டும் உதிரிப்பாகமா என்ற தேர்வில் நம் மூதாதையர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம்.

வடிவத்தையும் விடாமல் பாகத்தையும் கைக்கொள்ள முயன்றவர் திப்பு சுல்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐரோப்பிய மாதிரியில் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. புலி வரிகள் பொறித்த அவற்றில் சில இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. 1788-ல் பதினாறாம் லூயியைச் சந்தித்த திப்புவின் தூதுக்குழு படையுதவி மட்டும் கேட்கவில்லை, கைவினைஞர்களையும் கேட்டது. பொருளை வாங்குவதற்கும் செய்கிறவனை வரவழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் திப்பு அறிந்திருந்தார்.

அதே பிரான்சில், அந்தத் தூதுக்குழு போவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ஒரு சிறிய அதிசயம் நடந்திருந்தது. ஹொனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளர், பல விசைகளின் பாகங்களைப் பிரித்துத் தனித்தனிக் குவியலாக வைத்தார். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சன் குவியல்களிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தாமே பல விசைகளைப் பூட்டினார். எல்லாம் பொருந்தின. 1785 ஆகஸ்டில் அவர் நாட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதை வியந்து விவரித்திருக்கிறார். பிளாங்க் புதிய துப்பாக்கி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அளவைக் கண்டுபிடித்தார். எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்படியான கண்டிப்பான, சலுகை காட்டாத அளவு. அவரது யோசனை பிரான்சில் நிலைக்கவில்லை. அமெரிக்க ஆயுதசாலைகள் அதை அரை நூற்றாண்டு உழைத்து நிறைவேற்றின. பின்னர் பிரிட்டன் அந்த இயந்திரங்களை வாங்கி என்ஃபீல்டில் நிறுவியது. 1857-ன் தோட்டாப் பிரச்சினையால் நமக்கு நன்கு தெரிந்துபோன அதே என்ஃபீல்டு.

*

சுதந்திர இந்தியாவின் துப்பாக்கிக் கதையும் நகலின் கதைதான். கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வெடிமருந்து ஆலை அமைத்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஊரில் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. முதலில் மருந்து, பிறகு கருவி என்ற வரிசையைக் கவனிக்கலாம். அங்கே லீ என்ஃபீல்டு துப்பாக்கிகள் செய்யப்பட்டன. 1962 சீனப் போருக்குப் பிறகு, அந்தப் பழைய வடிவத்தையே வலுவான எஃகிலும் புதிய மேகஜினோடும் திருத்தி, புதிய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும்படி செய்தார்கள்.

அதே காலத்தில் வந்தது எஸ்.எல்.ஆர். என்று நம் காவல் நிலையங்களில் பலரும் பார்த்திருக்கும் துப்பாக்கி. அதன் மூலம் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தின் வடிவம். பெல்ஜியத்தில் அது மெட்ரிக் அளவில் பிறந்தது. பிரிட்டன் அதை அங்குல அளவுக்கு மாற்றிக்கொண்டது. இந்தியப் பொறியாளர்கள் பல நாட்டு மாதிரிகளைப் பிரித்துப் பார்த்து மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். உரிமம் இல்லாமல் செய்ததால் மூல நிறுவனத்தோடு பூசலும் எழுந்து பின் தீர்ந்தது. மூத்த சகோதரர்கள் இருவரின் சாயலும் கொண்ட, ஆனால் இருவரின் சட்டையும் சரியாகப் பொருந்தாத தம்பி போன்றது இந்தியத் துப்பாக்கி. அதன் மரக்கட்டையின் அடித்தகடு லீ என்ஃபீல்டிலிருந்து வந்தது. எண்ணெய்ப் புட்டியையும் துடைக்கும் கயிற்றையும் வைக்கும் சிறு அறையோடு. இச்சாப்பூரிலும், 1960-களில் தொடங்கப்பட்ட திருச்சித் தொழிற்சாலையிலும் அது லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. 1971 போரை நம் காலாட்படை அதைக் கொண்டுதான் சந்தித்தது. வேறு நாட்டின் பாகம் பொருந்தாது. ஆனால் நம் பாகம் நம் துப்பாக்கிக்குப் பொருந்தும். நகல் தனக்கென்று ஓர் அளவை உண்டாக்கிக்கொண்டு அதில் உறுதியாக நின்றது.

அடுத்து வந்த இன்சாஸ் நமக்கு வேறொரு பாடம் சொன்னது. 1980-களில் வடிவமைக்கப்பட்ட இது ஒன்றின் நகல் அல்ல. பலவற்றின் நல்ல அம்சங்களைத் திரட்டியது. 1999-ல் கார்கில் மலைகளில் அதன் குறைகள் வெளிப்பட்டன. கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகஜின்கள் விரிசல் விட்டன. இயக்கம் தடைபட்டது என்ற புகார்களும் எழுந்தன. 2005-ல் நேபாள ராணுவமும் குறை சொன்னது. பயன்படுத்திய முறையே தவறு என்று இந்தியத் தரப்பு பதிலளித்தது. பின்னர் பாகங்கள் திருத்தப்பட்டு மேம்பட்ட வகைகள் வந்தன. இங்கே நாம் பார்க்க வேண்டியது குறை எங்கே இருந்தது என்பதை. குழலில் அல்ல, வடிவத்தின் அடிப்படையிலும் அல்ல. துப்பாக்கியிலேயே மிக மலிவான, கழற்றி மாட்டுகிற ஒரு பெட்டியில். தனேகஷிமாவின் கொல்லர் திகைத்ததும் இப்படி ஒரு சிறிய இடத்தில்தான். அவருக்கு ஓராண்டு காத்திருக்க முடிந்தது. பதினாறாயிரம் அடி உயரத்தில் எதிரியின் சூட்டுக்கு நடுவே கிடப்பவனுக்கு அந்த அவகாசம் இல்லை. அவனுக்கு அதுதான் முகத்துவாரம்.

*

நம்பகத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. யாருக்கு நம்பகம்? பழவேற்காட்டு மருந்து ஈரத்தில் நமத்துப்போகாமல் நன்றாகவே எரிந்திருக்கும். அது கம்பெனிக்கு நல்லது. ஜாதிக்காய்க்காக 1621-ல் பாண்டா தீவுகளின் மக்களை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிய கம்பெனி அது. இதே பழவேற்காட்டுத் துறையிலிருந்து, குறிப்பாகப் பஞ்ச காலங்களில், ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக அந்தத் திசைக்கே கப்பலேற்றப்பட்டார்கள். மருந்தும் துணியும் மனிதர்களும் ஒரே கரையிலிருந்து போனார்கள். கல்லறைகளில் டச்சுப் பெயர்கள் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மருந்தை இடித்துச் சலித்த கைகளின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

நகல் எடுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கோவாக் கொல்லரும் தனேகஷிமாக் கொல்லரும் இச்சாப்பூர்த் தொழிலாளரும் அதைத்தான் செய்தார்கள். கற்றலின் முதல் படி அது. ஆனால் தோற்றத்தை நகலெடுப்பது ஒரு நாள் வேலை. அளவை நகலெடுப்பது ஒரு தலைமுறை வேலை. அந்த வேலையைச் சுருக்கிக்கொண்டால் விலை கொடுப்பவர் வரைபடம் போட்டவர் அல்ல, கடைசியில் கருவியைக் கையில் பிடித்திருப்பவர்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கெல்ட்ரியாவை இடித்துவிட்டார்கள். மேட்டின் மேல் நின்று வடக்கே பார்த்தால் ஏரி விரிந்து கிடக்கிறது. அதையும் கடலையும் பிரிக்கும் நிலத்திட்டில்தான் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கே ராக்கெட்டுகளுக்கான திட எரிபொருளை வார்க்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு மருந்து இடித்த ஏரிக்கரைக்கு அந்தத் தொழில் வேறொரு உருவில் திரும்பி வந்திருக்கிறது, இம்முறை மேல் நோக்கி.

திரும்பி வரும்போது எஞ்சினைப் பூட்டி முடித்திருந்தார்கள். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் முறை ஓடத் தொடங்கியது. இளைஞர் அணைக்கப் போனார். படகுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒன்றும் பேசாமல், தலையைச் சற்றே சாய்த்து, அந்தச் சத்தத்தை வெகு நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.